ஒரு மணி உழைப்பு, ஒரு ராத்தல் கறி!

அமெரிக்காவில் மாட்டிறைச்சி விலை ஏறிவிட்டது. மாளிகைவாசிகள் வெள்ளித் தட்டில் வைத்து வெட்டித் தின்னும் உயர்ந்த துண்டின் விலையை மட்டும் நாம் சொல்லவில்லை. தொழிலாளி வீட்டு அடுப்பில் வேகும் கொத்துக்கறியின் விலையைச் சொல்கிறோம். கணவன் ஆலைக்குப் போய், மனைவி கடையில் நின்று, இருவரும் களைத்துத் திரும்பும் வீட்டில், ரொட்டிக்கு நடுவிலும் மக்ரோனியோடும் அவரைக்கொட்டையோடும் சேர்ந்து பிள்ளைகளின் வயிற்றை நிரப்புவது இந்தக் கொத்துக்கறிதான். அங்கே அதுதான் ஏழைவீட்டுக் கறி.

2020ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு ராத்தல் கொத்துக்கறி 4 டாலருக்குக் குறைவாகவே விற்றது. 2025 ஜூனில் 6 டாலரைத் தாண்டியது. அதே ஆண்டு டிசம்பரில் 6 டாலர் 69 செண்ட். இது எதிர்க்கட்சி மேடையில் எவரோ வீசிய கணக்கல்ல. அமெரிக்க சர்க்காரின் தொழிலாளர் புள்ளிவிவர இலாகா வெளியிட்ட கணக்கு.

விலையை மட்டும் பார்த்தால் போதாது, தோழர்களே! கூலியையும் பக்கத்திலே வைத்துப் பார்க்க வேண்டும். அந்த நாட்டில் மத்திய சர்க்கார் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 செண்ட். நிர்ணயித்த நாள் 2009 ஜூலை. 2025 முடிந்தபோதும் அதே ஏழே கால் டாலர்தான். ஒரு செண்ட் கூடவில்லை. பல மாநிலங்கள் தாமாக முன்வந்து கூடுதலாக வைத்துக்கொண்டன. ஆனால் ஏறத்தாழ 20 மாநிலங்களில் அந்தப் பழைய கூலியே சட்டக் கூலியாக நீடித்தது.

2009இல் கொத்துக்கறி ராத்தல் இரண்டரை டாலருக்கும் கீழே. அன்று ஒரு மணி நேரம் உழைத்தவன் ஏறத்தாழ மூன்று ராத்தல் வாங்கினான். 2025 டிசம்பரில் ஒரு மணி நேரம் உழைத்தவனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு ராத்தல்; மிச்சம் ஐம்பத்தாறு செண்ட் சில்லறை. உழைப்பு குறைந்ததா? இல்லை. பசி குறைந்ததா? அதுவும் இல்லை. மூன்று ராத்தல் ஒரு ராத்தலாகத் தேய்ந்தது எப்படி? கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

மாடு குறைந்தது மெய்

மாடு குறைந்துவிட்டது, ஆகவே விலை ஏறிவிட்டது என்கிறார்கள். மெய்தானா? மெய்தான். எதிரி சொன்னாலும் உண்மை உண்மையே. அதை மறைத்துப் பேசும் வழக்கம் நமக்கு இல்லை.

2025 ஜனவரி முதல் தேதிக் கணக்கின்படி அமெரிக்காவில் இருந்த மாடுகளும் கன்றுகளும் 8 கோடியே 67 லட்சம். 1951க்குப் பிறகு அதுவரை இவ்வளவு குறைந்த எண்ணிக்கை இருந்ததில்லை. 1975இல் அங்கே 13 கோடியே 20 லட்சம் மாடுகள் இருந்தன. இன்றைய மாடு அன்றைய மாட்டைவிட எடை கூடியது. ஆகையால் தலை எண்ணிக்கை விழுந்த அளவுக்கு இறைச்சி விழவில்லை. ஆனாலும் 1951இல் பதினைந்தரைக் கோடியாக இருந்த மக்கள் 2025இல் 34 கோடி. வாய்கள் இரட்டித்தன, மந்தை பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது.

வானம் பொய்த்தது ஒரு காரணம். 2020 முதல் 2023 வரை டெக்சாஸ், ஓக்லஹோமா, கான்சாஸ், நெப்ராஸ்கா என்று மாடு வளரும் மாநிலங்களை வறட்சி வாட்டியது. புல் கருகியது. வைக்கோல் விலை ஏறியது. தீவனத்துக்கு வழியில்லாத பண்ணைக்காரன் என்ன செய்வான்? தாய்ப்பசுவையே லாரியில் ஏற்றினான். தாய்ப்பசு வெட்டுக்குப் போகும் ஆண்டில் சந்தையில் கறி பெருகும். மறு ஆண்டு பிறக்க வேண்டிய கன்று பிறக்காது. விதைநெல்லைக் குத்தித் தின்றவன் கதைதான் அது.

மந்தையை மறுபடி பெருக்க வேண்டுமானால் கிடேரிக் கன்றை விற்காமல் வீட்டில் நிறுத்த வேண்டும். நிறுத்திய கிடேரி கறியாகாது. ஆகவே முதலில் சந்தையில் கறி இன்னும் குறையும். அந்தக் கிடேரி வளர்ந்து கன்று ஈன இரண்டு ஆண்டு. ஈன்ற கன்று வெட்டும் பருவத்துக்கு வர ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு. ஜனாதிபதி உத்தரவு போட்டாலும் பசு ஒன்பது மாதம்தான் சுமக்கும்.

ஈயும் ஒரு காரணம். காயத்தில் முட்டையிட்டு, புழுவாகி, உயிருள்ள மாட்டின் சதையையே தின்னும் ஈ ஒன்று உண்டு. கதிர்வீச்சால் மலடாக்கிய ஆண் ஈக்களைக் கோடிக்கணக்கில் வானத்திலிருந்து தூவி, 1966இல் அமெரிக்கா அதைத் தன் மண்ணிலிருந்து ஒழித்தது. பிறகு மத்திய அமெரிக்க நாடுகளோடு சேர்ந்து பனாமா வரை விரட்டியது. சர்க்கார் பணத்தில், சர்க்கார் விஞ்ஞானிகள் செய்த காரியம் அது. எந்த முதலாளியும் லாபத்துக்காகச் செய்ததல்ல. அந்த வேலி பின்னர் உடைந்தது. 2024 நவம்பரில் மெக்சிகோவில் புழு தென்பட்டதும் அமெரிக்கா எல்லையை மூடியது. 2025 பிப்ரவரியில் திறந்தது. மே மாதத்தில் மீண்டும் மூடியது. ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் மெக்சிகோவிலிருந்து வந்துகொண்டிருந்த கன்றுகள் வராமல் நின்றன.

வறட்சி மெய். புழு மெய். ஆனால் வறட்சி அமெரிக்காவுக்குப் புதிதா? முன்பும் மந்தை குறைந்திருக்கிறது. மழை பெய்தபின் வளர்ந்திருக்கிறது. இம்முறை ஏன் வளரவில்லை? வளர்ப்பவனே பண்ணையை விட்டுப் போய்விட்டான் என்பதுதான் பதில். 2017இல் மாடு வைத்திருந்த பண்ணைகள் 8 லட்சத்து 82 ஆயிரம். 2022இல் 7 லட்சத்து 32 ஆயிரம். ஐந்தே ஆண்டில் ஒன்றரை லட்சம் பண்ணைகளில் மாடு இல்லாமல் போயிற்று. இது வானம் மட்டும் செய்த வேலையா?

வாசலில் நிற்பவர் நால்வர்

ஒரு பக்கம் மாடு வளர்க்கும் லட்சக்கணக்கான பண்ணைகள். மறுபக்கம் கறி வாங்கும் கோடிக்கணக்கான குடும்பங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாசல். அந்த வாசலில் நிற்பவர்கள் டைசன், ஜேபிஎஸ், கார்கில், நேஷனல் பீஃப் என்ற நான்கே கம்பெனிகள். தீவனமிட்டுக் கொழுக்கவைத்து வெட்டப்படும் மாடுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 இந்த நால்வர் ஆலைகளில்தான் வெட்டப்படுகின்றன.

எப்போதும் இப்படித்தானா? இல்லை. 1980இல் முதல் நான்கு கம்பெனிகளின் பங்கு நூற்றுக்கு 36. அதன்பின் ரீகன் ஆட்சியில், கம்பெனிகள் ஒன்றையொன்று விழுங்கலாம், சர்க்கார் தலையிடாது என்ற கொள்கை அரியணை ஏறியது. 1990இல் 72. 1995இல் 80ஐயும் தாண்டியது. பதினைந்து ஆண்டில் வாசல் அடைபட்டது. அதே காலத்தில்தான் இறைச்சி ஆலைத் தொழிலாளியின் கூலியும் சரிந்தது. 1970களில் மற்ற ஆலைத் தொழிலாளியைவிடக் கூடுதலாக வாங்கியவன், பிறகு அவனைவிடக் குறைவாக வாங்கலானான்.

இது பழைய வியாதி. 1917இல் ஜனாதிபதி வில்சன் விசாரணைக்கு உத்தரவிட்டபோது அங்கே ஆண்டவர்கள் ஐவர்: ஸ்விஃப்ட், ஆர்மர், மாரிஸ், வில்சன், குடாஹி. அந்த விசாரணையின் விளைவாக 1921இல் ஒரு சட்டம் வந்தது. மாடு விற்பவனையும் கறி வாங்குபவனையும் கூட்டுக் கொள்ளையிலிருந்து காப்பதே அதன் நோக்கம். சட்டம் செத்துப்போகவில்லை, ஏட்டிலே இருக்கிறது. ஆனால் 2007இல் பிரேசில் நாட்டு ஜேபிஎஸ் கம்பெனி வந்து வாங்கியது எதை? அதே பழைய ஸ்விஃப்ட்டை! பெயர்ப்பலகை மாறியது, வாசல் மாறவில்லை.

வாசலில் நிற்பவனுக்கு என்ன பலம் என்று கேட்கலாம். வெட்டும் பருவம் வந்த மாடு காத்திருக்காது. ஒவ்வொரு நாளும் தீவனம் தின்னும். அளவுக்கு மீறிக் கொழுத்தால் விலை குறையும். நூறு மைலுக்குள் வாங்குபவன் ஒருவனோ இருவரோ என்றால், அவன் சொல்லும் விலைக்குத் தள்ளிவிட்டு வர வேண்டியதுதான்.

ஆலை எரிந்தது, லாபம் எரியவில்லை

2019 ஆகஸ்டில் கான்சாஸ் மாநிலத்து ஹோல்கம் ஊரில் டைசன் கம்பெனியின் பெரிய ஆலை தீப்பற்றியது. அதன்பின் நடந்ததைப் பாருங்கள். வெட்ட இடம் குறைந்தது என்று பண்ணைக்காரனுக்குக் கொடுக்கும் மாட்டு விலை இறங்கியது. கறி குறையும் என்று கடைக்காரனுக்கு விற்கும் இறைச்சி விலை ஏறியது. விற்பவனுக்கும் நட்டம், வாங்குபவனுக்கும் நட்டம். நடுவில் நின்றவனுக்கு இரண்டு பக்கமும் லாபம்.

மறு ஆண்டு கொரோனா. 2020 ஏப்ரல் 28ஆம் தேதி ஜனாதிபதி டிரம்ப், இறைச்சி ஆலைகள் இயங்கியே தீர வேண்டும் என்று யுத்தகாலச் சட்டத்தை எடுத்து உத்தரவிட்டார். தோளோடு தோள் உரச நின்று கத்தி பிடிக்கும் தொழிலாளி என்ன ஆனான்? ஐந்து பெரிய இறைச்சிக் கம்பெனிகளில் மட்டும் முதல் ஓராண்டில் குறைந்தது 59,000 பேருக்கு நோய் கண்டது. 269 பேர் மாண்டார்கள். அமெரிக்கப் பாராளுமன்றக் குழு வெளியிட்ட எண்ணிக்கை இது. அந்தத் தொற்றுக் காலத்தை ஒட்டி, 2021ஆம் நிதியாண்டில் டைசன் கம்பெனி மாட்டிறைச்சிப் பிரிவில் மட்டும் ஈட்டிய லாபம் 300 கோடி டாலருக்கு மேல்!

கறி விலை உச்சத்தில். கம்பெனி லாபம் உச்சத்தில். மாடு வளர்த்தவன் மட்டும் கடன் தவணைக்குத் தவித்தான். அந்த நேரத்தில் அவனுக்கு நியாய விலை கிடைத்திருந்தால், வறட்சி வந்தபோது தாய்ப்பசுவை விற்காமல் வைக்கோல் வாங்கிப் போட்டிருக்க மாட்டானா? ஒன்றரை லட்சம் பண்ணைகளில் ஒரு பகுதியாவது பிழைத்திருக்காதா? மாடு குறைந்ததற்கு வானத்தைக் காட்டுகிறவர்கள் இந்த வாசலைக் காட்ட மறந்துவிடுகிறார்கள்.

நால்வரும் கூடிப் பேசி வெட்டைக் குறைத்து விலையை ஏற்றினார்கள் என்று வழக்குகள் நடந்தன. 2025 அக்டோபரில் டைசன் 5½ கோடி டாலரும், கார்கில் 3 கோடியே 25 லட்சம் டாலரும் நுகர்வோருக்குக் கொடுத்து ராஜி செய்துகொள்ளச் சம்மதித்தன. குற்றம் செய்தோம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. குற்றமற்றவன் கோடிகளை எண்ணி வைப்பானேன் என்று தாய்மார்கள் கேட்டால் அதற்குப் பதில் ஏது?

நட்டம் என்கிறார்களே!

மாடு விலை ஏறிவிட்டது, கம்பெனிக்கு இப்போது நட்டம்தானே என்று வாதாடுவோர் உண்டு. 2025ஆம் நிதியாண்டில் டைசன் மாட்டிறைச்சிப் பிரிவில் 40 கோடி டாலருக்கு மேல் நட்டக் கணக்குக் காட்டியது. கணக்கை நாம் மறுக்கவில்லை. மாடு அருகிப்போனதால் பண்ணைக்காரனுக்கு இப்போதுதான் நல்ல விலை கிடைத்தது. கம்பெனிக்கு மாடு வாங்குவது சுமையானது.

ஆனால் லாபம் வந்தபோது அது யார் பெட்டிக்குப் போயிற்று? நட்டம் வந்தபோது அது யார் தலையில் விழுந்தது? 2025 நவம்பரில் டைசன் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. நெப்ராஸ்கா மாநிலத்து லெக்சிங்டன் ஆலை 2026 ஜனவரியில் மூடப்படும். டெக்சாஸ் மாநிலத்து அமரில்லோ ஆலையில் ஒரு ஷிப்ட் நிறுத்தப்படும். லெக்சிங்டன் ஏறத்தாழ 11,000 பேர் வாழும் சிற்றூர். அந்த ஆலையில் வேலை செய்தவர்கள் ஏறத்தாழ 3,200 பேர். ஊரில் வீட்டுக்கு வீடு யாரோ ஒருவர் அந்த ஆலையை நம்பியவர். பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்து, வேறு எவரும் செய்ய அஞ்சும் வேலையைச் செய்தவர்கள் அவர்கள். நல்ல ஆண்டில் கோடிகளில் பங்கு கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. கெட்ட ஆண்டில் முதல் அடி அவர்களுக்கே! வெட்டும் இடம் மேலும் குறைந்ததால், மந்தை வளர்ந்து வரும் நாளில் வாசல் இன்னும் குறுகலாக இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வரி போட்டார், வரி எடுத்தார்

டிரம்ப் ஆட்சி என்ன செய்தது? கொத்துக்கறி எப்படித் தயாராகிறது என்று தெரிந்தால்தான் இந்த வேடிக்கை விளங்கும். தானியம் போட்டுக் கொழுக்கவைத்த அமெரிக்க மாட்டில் கொழுப்பு அதிகம். அதன் கழிவுத் துண்டுகளை மட்டும் அரைத்தால் பாத்திரத்தில் கொழுப்பே மிதக்கும். ஆகவே ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரேசில் நாடுகளில் புல் மேய்ந்த மாட்டின் கொழுப்பற்ற இறைச்சியை வரவழைத்துக் கலந்து அரைக்கிறார்கள். அயல்நாட்டுக் கறி பணக்காரன் தட்டுக்கு அல்ல, ஏழையின் கொத்துக்கறிக்கே பெரிதும் போகிறது.

2025 ஆகஸ்டில் பிரேசில் சரக்குமீது டிரம்ப் வரியை 50 சதமாக்கினார். ஏற்கெனவே இருந்த 26.4 சதத்தோடு சேர்த்து மாட்டிறைச்சிக்கு 76.4 சதம்! பிரேசிலின் முன்னாள் ஜனாதிபதி போல்சனாரோமீது நடந்த வழக்குதான் அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. பிரேசிலில் நடக்கும் வழக்குக்கு அபராதம் கட்டியது யார்? அமெரிக்கத் தொழிலாளியின் சமையற்கட்டு. விலை ஏறி, மக்கள் முணுமுணுப்பு உரத்த குரலானதும், நவம்பரில் மாட்டிறைச்சிக்கு அந்த வரியை அவரே நீக்கினார். வரியை அயல்நாட்டான்தான் கட்டுகிறான் என்று மேடைதோறும் முழங்கியவர், விலை குறைய வேண்டும் என்று வரியை நீக்கினாரே, அதற்கு என்ன பொருள்? வாங்குபவன்தான் கட்டினான் என்பதற்கு இதைவிடப் பெரிய வாக்குமூலம் வேண்டுமா?

அக்டோபரில் இன்னொரு திட்டம். அர்ஜென்டினாவிலிருந்து குறைந்த வரியில் வரும் இறைச்சி அளவை 20,000 டன்னிலிருந்து 80,000 டன்னாக்குவது. அமெரிக்கா தின்னும் மொத்தத்தில் அது நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. விலையை இறக்கப் போதாது. பல ஆண்டுக்குப்பின் நல்ல விலை கண்ட பண்ணைக்காரனின் நம்பிக்கையைக் குலைக்கப் போதும். நாளை விலை விழும் என்று அஞ்சுபவன் கிடேரியை வீட்டில் நிறுத்துவானா? நவம்பர் 7ஆம் தேதி, இறைச்சிக் கம்பெனிகளை விசாரிக்க நீதி இலாகாவுக்கு டிரம்ப் உத்தரவிட்டார். விசாரணை நல்லதே. 1917இலும் விசாரித்தார்கள். விசாரித்தபின் வாசலைத் திறந்தார்களா என்பதுதான் வரலாறு கேட்கும் கேள்வி.

தாய்மார்கள் நடத்திய போர்

இந்தக் கதையில் நமக்கு ஊக்கம் தரும் ஏடு ஒன்று உண்டு. சமைக்கும் பெண்கள் சும்மா இருந்ததில்லை. 1902 மே மாதம் நியூயார்க் நகரத்தின் கிழக்குப் பகுதியில், கறி விலை ராத்தல் 12 செண்டிலிருந்து 18 செண்டாக ஏறியபோது, ஏழை யூதத் தாய்மார்கள் தெருவில் இறங்கினார்கள். வீடு வீடாகப் போனார்கள். கடைகளை மறித்தார்கள். போலீஸ் தடி வீசியது, சிறை சென்றார்கள். ஜூன் மாதத்தில் விலை 14 செண்டுக்கு இறங்கியது.

1935இல், டெட்ராய்ட் நகரை ஒட்டிய ஹாம்ட்ராம்க்கில், மோட்டார் தொழிலாளர் குடும்பப் பெண்கள் விலையில் நூற்றுக்கு 20 குறைக்கச் சொல்லி மறியல் செய்தார்கள். தலைமை தாங்கியவர் மேரி ஸுக் என்ற அம்மையார். கறிக்கடைக்காரனோடு சண்டை போட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. கடைக்காரனுக்குப் பின்னால் இறைச்சிக் கம்பெனி இருக்கிறது என்று கண்டு, வாஷிங்டனுக்கே தூதுக்குழுவாகப் போய் விவசாய மந்திரியைக் கேள்வி கேட்டார்கள். மறு ஆண்டு மேரி ஸுக் நகரசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1973 ஏப்ரல் முதல் வாரத்தில் நாடு முழுவதும் இல்லத்தரசிகள் இறைச்சியைப் பகிஷ்கரித்தார்கள். அவர்கள் குரலுக்கு அஞ்சி அதற்கு முன்பே, மார்ச் 29ஆம் தேதி, ஜனாதிபதி நிக்சன் இறைச்சிக்கு உச்சவரம்பு விலை அறிவித்தார். ஆனால் மாட்டின் விலைக்கும் தீவனத்தின் விலைக்கும் வழி சொல்லவில்லை. உச்சவரம்பு நீங்கும் நாளை எதிர்பார்த்து மாட்டை விற்காமல் நிறுத்தினார்கள். கோடையில் கடைகளில் கறி இல்லை. செப்டம்பரில் உச்சவரம்பும் போயிற்று.

இந்த மூன்று போர்களும் என்ன சொல்கின்றன? அடுப்பங்கரை ஒன்றுபட்டால் சர்க்கார் அசையும். ஆனால் விலைச்சீட்டை மட்டும் மாற்றினால் போதாது. வாசலில் நிற்பவனின் பிடி தளர வேண்டும்.

மந்தை பெருகும்வரை கறி விலை சட்டென்று இறங்காது. இறக்கிக் காட்டுகிறேன் என்பவன் மக்களை ஏய்க்கிறான். ஆனால் செய்ய வேண்டியவை உண்டு. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசி தட்டி எடுக்க வேண்டும். நால்வர் கையில் குவிந்த ஆலைகளைப் பிரிக்க வேண்டும். வட்டாரந்தோறும் சிறு ஆலைகளும் கூட்டுறவு ஆலைகளும் எழ வேண்டும். மாடு வளர்ப்பவனுக்கு நல்ல ஆண்டிலும் கெட்ட ஆண்டிலும் நியாய விலை உறுதிப்பட வேண்டும். ஆலையை மூடுபவன் தொழிலாளிக்குப் பதில் சொல்லிவிட்டு மூட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 2009இல் உறைந்த அந்த ஏழே கால் டாலர் உருக வேண்டும். கூலி ஏறாத நாட்டில் எந்த விலையும் கொள்ளை விலைதான்.

பண்ணைக்காரனும், கத்தி பிடிக்கும் தொழிலாளியும், சட்டி வைக்கும் தாயும் ஒருவரையொருவர் பார்த்து, "உன்னால்தான் எனக்கு இந்தக் கதி" என்று முறைத்துக்கொண்டிருக்கும்வரை வாசலில் நிற்பவனுக்குக் கவலையில்லை. மூவரும் திரும்பி வாசலைப் பார்க்கும் நாளில்தான் அவனுக்குக் கவலை பிறக்கும். ஹாம்ட்ராம்க் தாய்மார்கள் 1935இலேயே அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் பேத்திகள் திரும்புவார்களா? கூலி 7 டாலர் 25 செண்ட், கறி 6 டாலர் 69 செண்ட் என்ற கணக்கு அவர்களைத் திரும்ப வைக்கும் என்றே நாம் நம்புகிறோம்.